சுகெங்கிடம் சொல்லக் கூடாதது

ஹலோ... ஹலோ! ஆமா, கேக்குது, கேக்குது. சொல்லு... இல்ல, வெனிங் இல்ல. நான் ருக்மி. பக்கத்து வீட்டு ருக்மி அக்கா... ஆமாண்டா, உன் பொண்டாட்டி போன்தான். எங்கிட்ட இருக்கு... ஏன்னா? ஆஸ்பத்திரில சார்ஜ் போடற இடத்துல மின்சாரம் வரல, நான் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். போதுமா? போனை எடுத்தவுடனே விசாரணை பண்ணாத.

கத்தாத சுகெங், எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. உன் பக்கம்தான் காத்து. பாறை மேலயா நிக்கற?... சிக்னல் கிடைக்குமே, அந்தப் பாறையா? சரி, அப்படியே நில்லு. ஆடாத. போன தடவை திரும்பித் தும்மினே, லைன் போச்சு.

கேளு இப்ப. பொண்ணு.

...

பொண்ணுடா! பொம்பளப் புள்ள! இன்னிக்குக் காலைல... ஆமா... ஆமா, ஆமா. புள்ள நல்லாருக்கு. அழுத அழுகைல ஆஸ்பத்திரி வராண்டால தூங்கிட்டிருந்த கிழவரு எந்திரிச்சு உக்காந்துட்டாரு... முடியா? முடி நிறைய. மூக்கு உன்னுது. பாவம், என்ன பண்றது, பெரிசானா சரியாயிடும்... சிரிக்கறியா, அழறியா? ரெண்டும் ஒரே மாதிரி கேக்குது எனக்கு... சரி, அழு. பாறை மேல உன்னை யாரு பாக்கப் போறா.

வெனிங்கா?

... நல்லாருக்கா. தூங்கறா. களைப்பு இருக்காதா பின்ன? நல்லா தூங்கறா. எல்லாம் பத்திரம், எல்லாம் கட்டுக்குள்ள இருக்கு. ஒரு நிமிஷம் இரு, அடுப்புல பால்.

(போனைக் கையால் பொத்திக்கொண்டு, வாசல் பக்கம்)

தாரி! ஏய் தாரி, சத்தம் போடாம வா. சுகெங் லைன்ல இருக்கான்... ரத்தம் நின்னுச்சாமா?... இன்னும் இல்லையா? திரும்ப தியேட்டருக்குள்ள கொண்டு போயிட்டாங்களா?... யா அல்லா. ரெண்டாவது லாரியும் கிளம்பிடுச்சா? ஓ குரூப்பு இருக்கற பொம்பளைங்க எல்லாரும் ஏறிட்டாங்களா?... நீ இங்கயே நில்லு. உன் போன் அடிச்சா உடனே எங்கிட்ட குடு. அவன் காதுல ஒண்ணும் விழக்கூடாது. கேப்டன் வீட்டு அம்மா உத்தரவு. மூஞ்சிய அப்படி வச்சுக்காத, அவனுக்கு நீ தெரிய மாட்டே.

ம், சொல்லு தம்பி. பால் பொங்கிடுச்சு... எந்த அடுப்புன்னா? என் அடுப்புதான். என்ன கேள்வி கேக்கற நீ!

பாங்கா, தொழுகைக்குக் கூப்பிடற பாங்கு? அதெல்லாம் சொல்லியாச்சு. புள்ள காதுல பொறந்தவுடனே சொன்னாங்க... யாரு சொன்னான்னா... ஆம்புலன்ஸ் டிரைவர்... இருக்கறது யாருடா அங்க? பட்டாலியன்ல இருக்கற ஆம்பளைங்க மொத்தமும் உன் பக்கத்துல எல்லைல நிக்கறீங்க. இந்த குவார்ட்டர்ஸ் வரிசைல ஆம்பளைன்னு பாத்தா என் வீட்டுச் சேவல் ஒண்ணுதான். அது பாங்கு சொன்னா உனக்குச் சம்மதமா?... டிரைவருக்கு நல்ல குரல்தான். மோதிரத்தைக் கழட்டி வச்சுட்டு, தொப்பிய சரி பண்ணிக்கிட்டு, பயபக்தியா சொன்னான். நர்சு ஒருத்தி கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. ... நீ வந்து இன்னொரு காதுல சொல்லு. அதுக்கு ரெண்டு காது இருக்கு.

அவகிட்ட குடுக்கணுமா? எப்படிக் குடுப்பேன், நான் வீட்ல இருக்கேன், அவ ஆஸ்பத்திரில இருக்கா... நர்சு போன் நம்பரெல்லாம் எங்கிட்ட இல்ல... சுகெங், இதைக் கேளு, இது அவசரம். நச்சுக்கொடி.

நச்சுக்கொடிடா. உன் பொண்ணுகூட வந்துச்சே, அதோட கூடப்பொறப்பு. சட்டில வச்சு என் வராண்டால இருக்கு. மதியமே ஆஸ்பத்திரிலேர்ந்து மடில வச்சுக்கிட்டு வந்தேன். வழில ரெண்டு பேரு என்ன பலகாரம்னு கேட்டாங்க... கழுவியாச்சு. உப்பு போட்டாச்சு. ஊசி, நூலு, பென்சிலு, பூ, எல்லாம் வச்சாச்சு. பென்சில் புதுசுதான். சீவி வச்சிருக்கேன், நல்லா படிக்கட்டும், அப்பன மாதிரி இல்லாம. பொழுது சாயறதுக்குள்ள, மக்ரிபுக்கு முன்னாடி பொதைக்கணும். யாரு பொதைக்கறது?... நீதான் பொதைக்கணும், தெரியும். அப்பன்தான் குளிச்சு, நல்ல சட்டை போட்டு, துண்டுல சட்டிய இடுக்கிக்கிட்டு, குடை பிடிச்சு எடுத்துட்டுப் போகணும். தெரியும்பா. நீ பப்புவால பாறை மேல நிக்கறே. நான் என்ன பண்ண?

... உங்கப்பாவா? அவரு முட்டி வலியோட வோனோகிரிலேர்ந்து பஸ் ஏறி இங்க வந்து சேர்றதுக்குள்ள, பொழுது போயிடும்... நாளைக்கா? நாளைக்கு வரைக்கும் வராண்டால வச்சிருந்தா இந்தத் தெரு நாயெல்லாம் எனக்குச் சொந்தமாயிடும்.

... இங்க வேண்டாமா? ஏன்?... ஓ. மாத்தல் வந்துடும்னு சொல்றியா. அதுக்கு என்ன பண்ண முடியும்? பட்டாளத்துப் புள்ளைக்கு எது சொந்த ஊரு? என் பெரியவனோடது திமோர்ல பொதைச்சேன். அந்த ஊரு இப்ப வேற நாடு! விசா வாங்கிட்டுப் போய்த்தான் கொடி பொதைச்ச இடத்துல விளக்கேத்தணும். நடுவுலவளோடது போர்னியோல. சின்னதோடது இங்க, தண்ணித் தொட்டி பக்கத்துல. மூணும் நல்லாத்தான் இருக்குதுங்க. பெரியவன் மட்டும் கொஞ்சம் ஊர் சுத்தறான்... ஆமா, அதனாலயா இருக்கும். வாயை மூடு.

பொம்பளப் புள்ளைன்னா வாசலுக்கு இடது பக்கம். அதுலதான் வந்துச்சு ஒரு சிக்கல். உன் வாசல்ல மண்ணு இல்ல... சிமெண்ட்டு. எல்லா வீட்டு வாசலுக்கும் சிமெண்ட்டு போட்டாச்சு, நீங்க கிளம்பின பிறகு. சுத்தமான குவார்ட்டர்ஸ் போட்டியாம். கேப்டன் அம்மா யோசனை. அந்தம்மாவுக்கு மண்ணு கண்டா ஆகாது. செடியக் கூட சட்டிலதான் வளக்கணும்னு உத்தரவு. நான் சொன்னேன், அம்மா, இங்க மாசமா இருக்கற பொண்ணுங்க இருக்காங்க, வாசல்ல கொஞ்சம் மண்ணு விட்டு வைங்கன்னு. பரிசு வாங்கின பெறகு பாத்துக்கலாம்னாங்க. பரிசும் வரல. இப்ப கடப்பாரை வாங்கிட்டு வந்து வச்சிருக்கேன், உடைக்கப் போறேன். உடைச்ச பிறகு எம்மேல நடவடிக்கை எடுக்கட்டும்.

... என்ன சத்தம்? எது?... லாரியா. ஆமா, லாரி. கேட்டுகிட்ட திரும்புது. பொம்பளைங்கதான் போறாங்க... வாலிபாலு. பட்டாளத்து மனைவிங்க சங்கத்து வாலிபால் போட்டி... ஆமா, இன்னிக்கு. ஏன், இன்னிக்கு வாலிபால் ஆடக் கூடாதா?... யூனிஃபார்ம்லதான், பச்சை யூனிஃபார்ம்லதான் போறாங்க, அங்க போய் மாத்திப்பாங்க... நீ வாலிபால் பத்தியா கேக்கறே இப்ப? புள்ளைக்கு என்ன பேரு வைக்கலாம்னு கேளு!

இரு, இரு. சேவல் உள்ள வருது.

(பொத்திக்கொண்டு)

அடிச்சுச்சா?... அப்ப எதுக்குடி ஓடி வந்தே? இங்க நிக்கச் சொன்னா கேட்டுக்குப் போயிட்டியா?... உன்னை லாரில ஏத்தலயா? புள்ளைக்குப் பால் குடுக்கறேன்னு இறக்கி விட்டுட்டாங்களா. சரி, அதுவும் நியாயம்தான். எனக்கு ஏ குரூப்பு, எந்த எழவுக்கும் உதவல. இவன் என்னை விட மாட்டேங்கறான் தாரி. நான் எவ்வளவு நேரம்டி நச்சுக்கொடி கதையவே பேசறது?

ஹலோ. ம். இருக்கேன்... என்ன?

... நான் உன்னைத் திட்டவே இல்லையா? அதுக்கு வருத்தமா உனக்கு?... இல்லப்பா, சந்தோஷமான நாளாச்சேன்னு... சிரிச்சுச் சிரிச்சுப் பேசறேனா? நான் எப்பவும் சிரிச்சுத்தான்... சரி. எப்பவும் இல்ல.

... சுகெங், அப்படிப் பேசாத.

... ஆமா, பத்திரம், கட்டுக்குள்ளன்னு சொன்னேன். அதுக்கென்ன?... நீயும் ராத்திரி ராத்திரி வயர்லெஸ்ல அதைத்தான் சொல்றியா... எப்ப? குண்டடி பட்ட ரெண்டு பேரைக் கூடாரத்துல படுக்க வச்சுட்டு... அதைத்தான் சொன்னியா. யா அல்லா. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதே. எங்களுக்கு இங்க எல்லாம் கட்டுக்குள்ளன்னுதானே சேதி வந்துச்சு. எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னாரு... அப்ப அவரு... நல்லாருக்காரா? நிஜமா?... சரி. சரி.

நல்லா இருக்குடா நம்ம பொழப்பு. நீங்க எங்களுக்குப் பொய் சொல்லுங்க, நாங்க உங்களுக்குச் சொல்றோம்.

...

இல்ல. நான் ஒண்ணும் மறைக்கல.

... அவமேல சத்தியம் பண்ணச் சொல்லாத. யாருமேலயும் சத்தியம் பண்ண மாட்டேன், அது பாவம்.

...

சுகெங். எங்க வீட்டுக்காரரு எங்க இருக்காரு? உங்க சார்ஜெண்ட்டு... கீழயா? கூப்பிடு. நான் பேசணும்... ஏன்னா என்ன ஏன்? என் புருஷன்கிட்ட நான் பேசக் கூடாதா? கூப்பிடு!

(பொத்திக்கொண்டு)

சொல்லிடப் போறேன்... தெரியும்டி, தெரியும். முன்னாடி ஒரு தடவை வீட்டுச் சேதி கேட்டு ஒருத்தன் போஸ்ட்டை விட்டுட்டு காட்டுக்குள்ள நடந்து போயிட்டான், அவனைத் தேடிப் போன பசங்கள்ல ஒருத்தன் கண்ணிவெடில கால் வச்சான். கேப்டன் அம்மா அதைச் சொன்ன சங்கத்து மீட்டிங்ல நானும் உக்காந்திருந்தேனே. அதுக்குத்தான் சார்ஜெண்ட்டைக் கூப்பிடச் சொன்னேன். இவனுக்கு முக்காவாசி புரிஞ்சிடுச்சு தாரி. பாக்கி காவாசிய அவனே நெனச்சு நெனச்சு சாகணுமா?

வந்துட்டாரா? குடு... ஏங்க. நான்தான். நல்லாருக்கீங்களா?... சரி, அப்புறம் பேசிக்கலாம். நீங்க அவன் பக்கத்துல உக்காருங்க. ஒட்டி உக்காருங்க. அவன் துப்பாக்கி எங்க?... தோள்லயா? அதை வாங்கி உங்க கைல வச்சுக்கங்க... கேள்வி கேக்காதீங்க, வாங்குங்க... வாங்கிட்டீங்களா? அவன் சட்டையப் பிடிச்சுக்கங்க. இப்ப போனை அவன்கிட்ட குடுங்க.

சுகெங்...

உயிரோட இருக்கா! இருக்கா! கத்தாத, முதல்ல இதைக் கேளு. இருக்கா. துப்பாக்கிய வாங்கச் சொன்னது... ஆமா, அதுக்குத்தான் சொன்னேன். ஆனா அவ உயிரோடதான் இருக்கா. கேக்குதா? கேக்குதான்னு சொல்லு.

புள்ள பொறந்துச்சு, நல்லாத்தான் பொறந்துச்சு. கொடியும் விழுந்துச்சு. நான் சட்டிய எடுத்துக்கிட்டு கிளம்பறேன், வாசல்கிட்ட வரைக்கும் வந்துட்டேன், அப்பத்தான் ரத்தம் போக ஆரம்பிச்சுச்சு... நிக்கல. மருந்து போட்டாங்க, வயித்தை அமுக்கினாங்க. கொஞ்சம் நின்னுச்சு, திரும்ப ஆரம்பிச்சுச்சு. இப்ப ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கா... தெரியல. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? இதுக்கு மேல உங்கிட்ட என்னத்தை மறைக்கறது?

ரத்தம் வேணும். ஓ குரூப்பு... தெரியும், உனக்கும் ஓதான். அங்க நிக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு ஓதான். அதுதானே கொடுமை. இந்த ஊர்ல யாருக்கு ரத்தம் வேணும்னாலும் ஆஸ்பத்திரிலேர்ந்து நம்ம கேட்டுக்குத்தான் போன் வரும். லாரி நிறைய ஆம்பளைங்க போவாங்க, குடுப்பாங்க, முட்டை தின்னுட்டு வருவாங்க. இன்னிக்கும் போன் வந்துச்சு. கேட்ல இருந்தவன் என்ன பதில் சொல்லுவான்? எல்லாரும் எல்லைல இருக்காங்கன்னான்.

அதான் பொம்பளைங்க கிளம்பினாங்க. வாலிபாலும் இல்ல, ஒரு எழவும் இல்ல. கேப்டன் அம்மாதான் விசில் ஊதினாங்க. வீடு வீடா போய்க் கதவைத் தட்டினாங்க. முதல் லாரில முதல் ஆளா அவங்கதான் ஏறினாங்க... ஆமா, சிமெண்ட்டு போட்ட அந்தம்மாதான்.

...

எப்படி வருவே? சொல்லு, எப்படி வருவே? ஹெலிகாப்டர் உங்கப்பா வீட்டு மாட்டு வண்டியா, கூப்பிட்டா வர்றதுக்கு?... நடந்தா? காட்டுக்குள்ளயா?... ஏங்க, அவனைப் பிடிங்க! பிடிச்சிருக்கீங்களா? பிடிங்க!... சுகெங், நீ ஒரு அடி எடுத்து வச்சே, நான் உன் வீட்டு வாசல்ல விளக்கேத்த மாட்டேன், சொல்லிட்டேன். அந்தப் பொண்ணுக்கு இருக்கற அப்பன் நீ ஒருத்தன். கண்ணிவெடிக்குக் காலைக் குடுத்துட்டு வந்தா, அது உன்னைத் தூக்கிக்கிட்டு நடக்குமா?

... உக்காந்தியா? உக்காரு. மூச்சு விடு. ஆமா. ஆமா... அழுடா. நானும் காலைலேர்ந்து அழத்தான் இடம் தேடறேன்.

...

கேட்டா. உன்னைத்தான் கேட்டா. ஸ்ட்ரெச்சர்ல ஏத்தறப்ப இந்தப் போனை என் கைல திணிச்சா. அவரு கூப்பிடுவாரு, எடுத்துப் பேசுங்கக்கா, ஆனா ஒண்ணும் சொல்லிடாதீங்கன்னா... ஆமா, அவளேதான் சொன்னா. கேப்டன் அம்மா மட்டும் இல்ல. அவருக்குத் தெரிஞ்சா வேலைல கவனம் இருக்காதுன்னா. உதடு வெளுத்துப் போச்சு, பேச முடியல, அந்த நேரத்துலயும் உன் வேலையப் பத்திக் கவலைப்படறா. எனக்கு வந்த கோபத்துக்கு... உம்மேல வந்துச்சு கோபம், அவமேல வந்துச்சு, இந்தப் பட்டாளம் மேல வந்துச்சு. யாரையாவது திட்டணும் போல இருந்துச்சு. அதான் சிமெண்ட்டை உடைக்கலாம்னு உக்காந்திருந்தேன்.

... திட்டு. என்னைத் திட்டு. பேசாம மட்டும் இருக்காத.

... என்ன? பொதைக்கறப்ப வேண்டிக்கற துவாவ நீ அங்கேர்ந்தே சொல்றியா? குழிக்கா?... சொல்லு. போனை ஸ்பீக்கர்ல போடறேன், சட்டிக்குப் பக்கத்துல வைக்கறேன். குடையையும் பிடிக்கறேன். நல்ல சட்டை இல்லன்னா என்ன, உன் யூனிஃபார்ம் போதும். நீ சொல்லு, நான்...

யாரு? தாரி, யாரு? அடிக்குதா? குடு. குடுடி!

சுகெங், லைன்லயே இரு. அசையாத. ஆஸ்பத்திரிலேர்ந்து.

(இன்னொரு காதில் தாரியின் போன்)

ஹலோ. ஆமாம்மா, ருக்மிதான்... ம்... ம்... எப்பம்மா?... ம்... எடுத்துட்டாங்களா... முழுசாவா?... ஐயோ... ம்... எத்தனை சின்ன வயசும்மா அவளுக்கு... ம்... அப்படியா? நீங்க பாத்தீங்களா? உங்க கண்ணால பாத்தீங்களா?... ம்... உங்க குரல் ஏன் இப்படி இருக்கு? நீங்களும் படுத்திருக்கீங்களா?... ரத்தம் குடுத்து மயக்கமா? எந்திரிக்காதீங்கம்மா, படுங்க... இல்ல, அவன் லைன்ல இருக்கான்... ஆமாம்மா. சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். அப்புறம் திட்டுங்க... திட்டலயா?... சரிங்கம்மா. சரி. வைக்கறேன்.

சுகெங்! சுகெங், இருக்கியா?... எதுக்குக் கத்தறே?... நான் அழுதது கேட்டுச்சா? அது நல்லதுக்குடா! ஐயோ, என் பேச்சு மட்டும்தான் உனக்குக் கேட்டிருக்கும், நீ என்னென்ன நெனச்சியோ. கேளு. கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. வேற வழியில்லன்னு எடுத்துட்டாங்க. இனிமே புள்ள பொறக்காது, உனக்கு இந்த ஒண்ணுதான். ஆனா ரத்தம் நின்னுடுச்சு. நின்னுடுச்சுடா! கண்ணைத் திறந்தாளாம். கேப்டன் அம்மா பக்கத்துக் கட்டில்லயே இருக்காங்க, பாத்தாங்களாம். தண்ணி கேட்டாளாம். தண்ணி குடுக்கலன்னதும் மொறைச்சாளாம்! மொறைக்கறான்னா பொழைச்சுட்டான்னு அர்த்தம். உன் பொண்டாட்டிய உனக்குத் தெரியாதா?

... சுகெங்?

ஹலோ?

ஏங்க? நீங்களாவது இருக்கீங்களா? ஹலோ... ஹலோ! பாறை மேல ஏறி நில்லுங்க! ஹலோ!

தாரி, லைன் போச்சுடி. எப்ப போச்சு?... நான் எதைச் சொல்லிட்டிருந்தப்ப போச்சு? முதல்ல எதைச் சொன்னேன்? எடுத்துட்டாங்கன்னு சொன்னேனா, நின்னுடுச்சுன்னு சொன்னேனா?... நடுவுல அவன் மூச்சு விட்டானா, உனக்குக் கேட்டுச்சா? ... நல்லா யோசிச்சு சொல்லு. கண்ணைத் திறந்தாளாம்னு சொன்னப்ப அந்தப் பக்கம் காத்து சத்தம் இருந்துச்சுல்ல?

... இருந்துச்சா?

சத்தியமா சொல்லுடி.